தீவுக்குப் போகும் மகளுக்கு

சிவகாசி,
ஞாயிறு மாலை

அன்பு மகள் கயலுக்கு, அப்பா எழுதிக்கொள்வது. நானும் அம்மாவும் நலம். உன் நலமறிய ஆவல்.

உன் கடிதம் வந்து பன்னிரண்டு நாளாகிறது. இடையில் இரண்டு முறை போனில் பேசினோம். நீயும் அதைப் பற்றி வாய் திறக்கவில்லை, நானும் திறக்கவில்லை. எழுத்தில் வந்ததற்கு எழுத்தில்தான் பதில் போக வேண்டும் என்று இருந்துவிட்டேன். முதல் இரண்டு பக்கங்களை அம்மாவுக்கு வாசித்துக் காட்டினேன். மூன்றாம் பக்கத்தை அவளே கையில் வாங்கிப் படித்துக்கொண்டாள்.

பின்லாந்தின் எஸ்போ நகரத்து வேலையை விட்டுவிட்டு, அந்த நாட்டுக் கடலோரத்துப் பெல்லிங்கித் தீவுகளில் ஒரு சிறு வீட்டை வாடகைக்குப் பிடித்து, குழந்தைகளுக்கான புத்தகங்களை நீயே எழுதி நீயே வரையப்போவதாகச் சொல்லியிருக்கிறாய். ஜூலையில் படகில் போய்ப் பார்த்த அந்தப் பாறைத்தீவின் படங்களையும் வைத்திருந்தாய். மரமே இல்லாத பாறை, நடுவில் குளம்போல உள்வாங்கிய கடல், மேட்டில் ஒற்றை அறை வீடு, நாலு திசைக்கும் ஒவ்வொரு ஜன்னல். குளோவ்ஹாரு. மூமின் என்ற கற்பனைப் பிராணிகளின் கதைகளை எழுதி வரைந்த பின்லாந்துக்காரர் தூவே யான்சன் வாழ்ந்த வீடு.

நீ போன முறை வந்தபோது பீரோவில் விட்டுப்போன அவருடைய புத்தகங்களையும் வாழ்க்கை வரலாற்றையும் இந்தப் பன்னிரண்டு நாளில் படித்தேன். என் ஆங்கிலத்துக்கு அது எளிதான வேலை இல்லை, அகராதியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டேன். ஆனால் படங்களுக்கு அகராதி தேவைப்படவில்லை. முப்பது வருடம் அச்சகத்தில் ஒளிமேசை முன்னால் உட்கார்ந்து, நெகட்டிவில் விழுந்த ஊசிப்புள்ளிகளை ஒளி புகாத ஒபேக் மை தொட்டு அடைத்தவன் நான். ஒரு கோட்டைப் பார்த்தால் அதைப் போட்ட கை தயங்கியதா, ஓடியதா என்று எனக்குத் தெரியும். அந்த அம்மாவின் கை தயங்கவில்லை. மூமின் குளிர்காலத்தில் விழித்துக்கொள்கிற கதை இருக்கிறதே, 1957-இல் வந்தது, அதில் சில படங்களில் கருப்பைச் சுரண்டிச் சுரண்டி வெள்ளைக் கோட்டை எடுத்திருக்கிறார். சுரண்டுகத்தி பிடித்துப் பழகியவன் என்பதால் அந்தப் பக்கங்களை விட்டு வெகுநேரம் நகர முடியவில்லை. இருட்டை வரைய வேண்டுமென்றால் முதலில் தாள் முழுவதும் இருட்டாக இருக்க வேண்டும், பிறகு வெளிச்சத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தோண்டி எடுக்க வேண்டும். ஒரு கோடு தவறினால் திரும்பக் கருப்பாக்குவது பெரும்பாடு.

என்னைப் பிடித்து உட்கார வைத்தது அவருடைய அம்மா கதை. சிக்னே ஹம்மர்ஸ்டன் என்று பெயர். அப்பா விக்தோர் சிற்பி. சிலை செய்யச் சொல்லி யாராவது கேட்டால்தான் அவருக்கு வருமானம். வீட்டு அடுப்பு அணையாமல் பார்த்துக்கொண்டவர் அந்த அம்மாதான். புத்தக அட்டை, பத்திரிகைக் கேலிச்சித்திரம், பல ஆண்டுகளுக்குப் பின்லாந்தின் அஞ்சல்தலைகள் என்று வரைந்துகொண்டே இருந்திருக்கிறார். கடிதத்தில் ஒட்டி நாவால் தொட்டு மறந்துவிடும் அந்தச் சின்னத் தாள்துண்டை ஒருவர் குனிந்து உட்கார்ந்து வரைந்திருக்கிறார் என்று எத்தனை பேர் நினைத்திருப்பார்கள்? அந்த மேசையின் பக்கத்தில் வளர்ந்த குழந்தைதான் தூவே. பதினைந்து வயதில், 1929-இல், அம்மா வரைந்த அதே ‘கார்ம்’ பத்திரிகையில் தானும் வரையத் தொடங்கி, 1953-இல் அது நிற்கும் வரை வரைந்தார். ஐரோப்பா முழுவதும் ஹிட்லரைக் கண்டு நடுங்கிய 1938-இல், கேக் கேட்டு அழுது அடம்பிடிக்கும் குழந்தையாக அவனை வரைந்தவர் இந்த இருபத்து நாலு வயதுப் பெண்.

நீயும் என் மேசைக்கு அடியில் உட்கார்ந்து வளர்ந்தவள்தான். கழிவுத் தாளின் பின்பக்கத்தில் நீ வரைந்த எருமைகளில் சில இன்னும் என்னிடம் இருக்கின்றன. ஆனால் அந்த அம்மா செய்ததை நான் செய்யவில்லை. பன்னிரண்டாம் வகுப்பு முடித்ததும் எழும்பூர் கவின்கலைக் கல்லூரி விண்ணப்பத்தை நிரப்பி என் கையெழுத்துக்காக வைத்தாய். கடைசித் தேதி போகும் வரை அது அலமாரியிலேயே கிடந்தது. மறந்துவிட்டேன் என்று அன்று சொன்னேன். மறக்கவில்லை, தாயி. என் மேசையைக் கம்ப்யூட்டர் எடுத்துக்கொண்டு சில வருடம்தான் ஆகியிருந்தது. கை வேலையை நம்பி என் பெண் போகக்கூடாது என்ற பயம். அதை இவ்வளவு காலம் சொல்லாமல் இருந்தது தவறு.

விக்தோரும் மகளோடு மோதியிருக்கிறார். போர்க்காலத்தில் அவர் ஒரு பக்கம், மகள் எதிர்ப்பக்கம். யூதர்களைப் பற்றி அவர் பேசிய பேச்சை மகளால் தாங்க முடியவில்லை. அந்தப் பக்கங்கள் எனக்குக் கனமாக இருந்தன. அந்தக் காலத்தில்தான் தூவே நண்பர்களோடு மொராக்கோவுக்குப் போய்க் கலைஞர் குடியிருப்பு அமைத்து வாழலாம் என்று கனவு கண்டிருக்கிறார். அது கைகூடவில்லை. கைகூடியது 1944-இல் ஹெல்சிங்கியில் வாடகைக்கு எடுத்த ஓர் ஓவியக்கூடம். குண்டுவீச்சில் ஜன்னல் கண்ணாடிகள் உடைந்து கிடந்த இடம். 2001-இல் இறக்கும் வரை அதை அவர் விடவே இல்லை.

இந்த இடத்தில்தான் உன்னோடு எனக்கு வழக்கு இருக்கிறது. ஆபீஸை ‘சிறை’ என்று எழுதியிருக்கிறாய். தீவை விடுதலை என்கிறாய். தூவேயின் தீவு எங்கிருந்து வந்தது என்று பார். லண்டன் ‘ஈவினிங் நியூஸ்’ நாளிதழுக்கு மூமின் படக்கதை வரைய ஏழு வருட ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டார். 1954-இல் அது வரத் தொடங்கியது. வாரத்துக்கு ஆறு. தொடக்கத்தில் கதையும் அவரே, படமும் அவரே. நாற்பது வயது வரை வாடகைக்கும் வண்ணத்துக்கும் கணக்குப் பார்த்தவருக்கு முதல் முறையாக நிலையான பணம் வந்தது. பிறகு அதுவே கழுத்தை நெரித்தது. 1959-இல் தம்பி லார்ஸிடம் ஒப்படைத்துவிட்டு வெளியே வந்தார். தம்பி 1975 வரை இழுத்துச் சென்றார். அந்த வருடங்களை வீணான காலம் என்று புத்தகம் எழுதியவர்கள் சிலர் சொல்வதுபோல் எனக்குப் படுகிறது. நான் ஒப்பமாட்டேன். மாலைக்குள் முடித்தாக வேண்டும் என்று வரைந்த கைக்கு ஓர் உறுதி வருகிறது. கெடு இல்லாமல் வரைந்த யாரிடமும் அதை நான் பார்த்ததில்லை. நீ எட்டு வருடம் பார்த்த வேலையும் உன் கைக்கு ஏதாவது கொடுத்திருக்கும், தேடிப்பார்.

குளோவ்ஹாரு வீடு கட்டப்பட்டது 1964-65-இல். அப்போது அவருக்கு ஐம்பது வயது. அதற்கு வெகு முன்பே, 1947-இல், தம்பியோடு சேர்ந்து இன்னொரு தீவில் தன் கையால் வீடு கட்டிப் பழகியிருந்தார். குளோவ்ஹாருவில் பெரிய பாறை ஒன்றை வெடிவைத்துத்தான் இடம் எடுத்தார்கள். மின்சாரம் இல்லை, குழாய் இல்லை. கரையொதுங்கும் கட்டையை அறுத்து அடுப்பு எரிக்க வேண்டும், மழைநீரைப் பிடிக்க வேண்டும், வலை போட வேண்டும், காற்று மாறினால் படகை இழுத்துக் கட்ட வேண்டும். இத்தனைக்கும் நடுவே வரையவும் எழுதவும் செய்தார். உன் போட்டோவில் அந்த ஜன்னல் அழகாக இருக்கிறது. அதன் வழியாக அவர் பார்த்தது முதலில் வானிலையாகத்தான் இருக்கும்.

இன்னொன்றையும் கவனி. தூவே வசந்தத்தில் போய் இலையுதிர் காலத்தில் நகரத்துக்குத் திரும்பினார். குளிர்காலம் ஹெல்சிங்கி ஓவியக்கூடத்தில். தீவும் இருந்தது, நகரமும் இருந்தது. நீ ஜனவரியிலும் அங்கேயே இருப்பேன் என்கிறாய். கடல் உறைந்தும் உறையாமலும் இருக்கும் வாரங்களில் படகும் போகாது, பனிமேல் நடக்கவும் முடியாது என்று நீயே முன்பு சொன்னாயே. உன் குடியிருப்பு அனுமதி வேலையோடு கட்டப்பட்டதா, வேலையை விட்டால் எத்தனை நாள் என்பதை எல்லாம் ராஜினாமாவுக்கு முன்னால் கேட்டு எழுத்தில் வாங்கிக்கொள். முதல் வருடம் கோடை மட்டும் போ. அப்பா தடுக்கிறார் என்று எடுத்துக்கொள்ளாதே. விண்ணப்பத்தைத் திரும்பவும் அலமாரியில் வைக்க மாட்டேன்.

இப்போது மூன்றாம் பக்கம்.

‘வீட்டில் என்னோடு அவளும் இருப்பாள். அவள் எனக்குத் தோழி மட்டும் இல்லை, அப்பா’ என்று ஒரு வரி எழுதி, அதற்கடுத்த வரியிலேயே வாடகைக் கணக்குக்குப் போய்விட்டாய். அந்த இரண்டு வரிக்கு நடுவே நீ எவ்வளவு நேரம் பேனாவை வைத்துக்கொண்டு இருந்தாயோ என்று நினைத்துப் பார்த்தேன்.

தூவே 1955-இன் கிறிஸ்துமஸ் விருந்தில் தூலிக்கி பியெத்திலாவோடு நெருங்கினார் என்று படித்தேன். செப்புத்தகட்டில் செதுக்கி அச்செடுக்கும் கலைஞர், எங்கள் இனம். ஹெல்சிங்கியில் இரண்டு பேருக்கும் தனித்தனி ஓவியக்கூடம், நடுவே மச்சு வழியாக ஒரு நடைபாதை. அவரவர் வேலை அவரவர் மேசையில், சாப்பாடு சேர்ந்து. ஏறக்குறைய முப்பது கோடைகள் அந்த ஒற்றை அறையிலும், விருந்தாளி வந்தால் வெளியே கூடாரத்திலும். பின்லாந்தில் 1971 வரை அப்படி வாழ்வது சட்டப்படி குற்றம். அப்படியானால் அந்த வீட்டின் முதல் ஆறேழு கோடைகள் அவர்கள் குற்றவாளிகளாகவே மீன் பிடித்து, விறகு பிளந்து, படம் வரைந்திருக்கிறார்கள். 1992-இல் ஜனாதிபதியின் சுதந்திர தின விருந்துக்கு இருவரும் ஜோடியாகவே போனார்கள். தூவேயின் புத்தக முத்திரையில் லத்தீனில் இரண்டு சொற்கள் இருந்தனவாம்: உழைப்பது, அன்பு செய்வது.

எனக்கு இது பழகக் கொஞ்ச நாள் ஆகும். மறைக்கவில்லை. தெருவில் கேட்பார்கள், உன் பெரியப்பா கேட்பார். அதை நான் பார்த்துக்கொள்கிறேன். அம்மா அந்தப் பக்கத்தை மடித்துக் கொடுத்துவிட்டு அடுக்களைக்குப் போனாள். இரண்டு நாள் ஒன்றும் பேசவில்லை. மூன்றாம் நாள் ஊறுகாய்க்கு மாங்காய் நறுக்கிக்கொண்டே, “அந்தப் பெண்ணுக்குக் காரம் ஒத்துக்கொள்ளுமா?” என்று கேட்டாள். சித்திரைப் பொங்கலுக்கு இரண்டு பேரும் வாருங்கள்.

அவர்கள் தீவை விட்டு வந்த கதை உனக்குத் தெரிந்திருக்கும். வயது எழுபதைத் தாண்டியது. வலை கனத்தது. ஒரு கோடையில் தூவேக்குக் கடலைப் பார்த்துப் பயம் வந்துவிட்டது. வாழ்நாள் முழுவதும் புயலைக் கொண்டாடியவருக்கு அந்தப் பயம் ஒரு துரோகம்போல இருந்திருக்கிறது. ஆனாலும் அதை மறைக்காமல் எழுதினார். வீட்டை உள்ளூர்ச் சங்கத்திடம் கொடுத்துவிட்டுக் கரைக்கு வந்தார்கள். 1996-இல் அந்தத் தீவைப் பற்றி ஒரு புத்தகம் போட்டார்கள், எழுத்து தூவேயுடையது, படங்கள் தூலிக்கியுடையவை. அதை வாங்கி அனுப்பு. தகட்டு அச்சில் அவர் கடலை எப்படி எடுத்திருக்கிறார் என்று பார்க்க வேண்டும்.

நாளை ஒரு பார்சல் போடுகிறேன். மாங்காய் ஊறுகாய் இரண்டு பாட்டில், ஒன்றில் காரம் குறைவு, மூடியில் அம்மா எழுதியிருக்கிறாள். என்னுடைய பூஜ்ஜியம் நம்பர் பிரஷ் மூன்று. சுரண்டுகத்தியின் பிடியை மட்டும் வைத்திருக்கிறேன். தபாலில் அலகு அனுப்ப விடமாட்டார்கள், அங்கேயே வாங்கிக்கொள். பிடியில் என் பெருவிரல் தேய்ந்த பள்ளம் இருக்கும், உன் கைக்குப் பொருந்தாவிட்டால் நூல் சுற்றிக்கொள்.

முதல் படம் முடிந்ததும் போனில் போட்டோ எடுத்து அனுப்பாதே. அசலை அனுப்பு. லென்ஸ் வைத்துப் பார்க்க வேண்டும்.

அன்புடன்,
அப்பா