டொமைன் பெயர் வணிகம்: சொல்லாமல் விட்டவை

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். டொமைன் பெயர்களை, அதாவது இணையதள முகவரியாக அமையும் பெயர்களை, குறைந்த விலைக்கு வாங்கி அதிக விலைக்கு விற்பது குறித்துத் தங்கள் நாளிதழின் வணிகப் பக்கத்தில் அண்மையில் வெளிவந்த கட்டுரையைப் படித்தேன். திருப்பூரில் பனியன் நிறுவனங்களுக்கும் சிறு கடைகளுக்கும் இணையதளம் அமைத்துத் தருபவன் என்ற முறையில், அக்கட்டுரை தொடாமல் விட்ட சிலவற்றைச் சேர்க்க விரும்பி இதை எழுதுகிறேன். எந்தப் பெயருக்கு நல்ல விலை கிடைக்கும் என்பதைக் கட்டுரையாளர் விரிவாக விளக்கியிருந்தார். அந்த விலையைக் கேட்கும் உரிமை நமக்கு உண்டா என்பதைப் பற்றி அதில் ஒரு வரிகூட இல்லை.

பிசினஸ்.காம் என்ற பெயர் 1997-இல் ஒன்றரை லட்சம் டாலருக்குக் கைமாறி, இரண்டே ஆண்டுகளில் 75 லட்சம் டாலருக்கு விற்கப்பட்டது. வாய்ஸ்.காம் 2019-இல் 3 கோடி டாலருக்குப் போனது. இவை இரண்டும் அகராதியில் உள்ள பொதுச் சொற்கள். இன்ன நிறுவனத்துக்கு மட்டுமே சொந்தம் என்று எவரும் கோர முடியாதவை. வாங்க நினைப்பவர் ஒருவர் விலகினால் இன்னொருவர் வருவார். வாங்கக்கூடியவர்கள் பலர் இருக்கும் பெயரே விலைபோகும் பெயர். உலகத்தில் ஒரே ஒரு நிறுவனத்துக்குத்தான் பயன்படும் என்ற நிலையில் உள்ள பெயரைப் பதிவு செய்பவர், எண்ணூறு ரூபாய் கொடுத்து வம்பை விலைக்கு வாங்குகிறார்.

இதற்கு நம் நாட்டிலேயே நடந்த ஜியோஹாட்ஸ்டார்.காம் விவகாரம் நல்ல எடுத்துக்காட்டு. ரிலையன்ஸின் ஊடகப் பிரிவும் டிஸ்னியின் ஹாட்ஸ்டாரும் இணையக்கூடும் என்ற செய்தியைப் படித்த டெல்லி இளைஞர் ஒருவர், முன்பு சாவ்ன் என்ற இசைச் சேவை ஜியோசாவ்ன் ஆனதை நினைவில் வைத்து, 2023-இலேயே அந்தப் பெயரைப் பதிவு செய்துவிட்டார். 2024 அக்டோபரில், கேம்பிரிட்ஜில் தாம் படிப்பதற்கான செலவை ரிலையன்ஸ் ஏற்றுக்கொண்டால் பெயரைத் தந்துவிடுவதாக அத்தளத்திலேயே கடிதம் வெளியிட்டார். கோரிக்கை மறுக்கப்பட்டது, சட்ட நடவடிக்கை வரப்போகிறது என்று அவரே பின்னர் அறிவித்தார். பெயர் துபாயில் வசிக்கும் சிறார் இருவரின் கைக்குப் போனது. அவர்கள் அதை இலவசமாகவே தர முன்வந்தார்கள். அந்த இளைஞரின் கணிப்பு துல்லியமானது என்பதில் எனக்கு ஐயமில்லை. 2025 பிப்ரவரியில் அதே பெயரில் சேவை தொடங்கியது. கணிப்பு பலித்தும் கைக்குக் காசு வரவில்லை என்பதைத்தான் இந்த வணிகத்துக்குப் பயிற்சி வகுப்பு நடத்துபவர்கள் மாணவர்களுக்குச் சொல்வதில்லை.

காரணம் வெளிப்படையானது. பெயர்ப் பதிவுகளை ஒழுங்குபடுத்தும் ஐகான் அமைப்பு 1999-இல் கொண்டுவந்த தகராறுத் தீர்வு விதியின்படி, வணிகச் சின்னத்துக்கு (டிரேட்மார்க்) உரியவரிடமே கூடுதல் விலைக்கு விற்கும் நோக்கத்தோடு ஒரு பெயரைப் பதிவு செய்வது, தீய எண்ணத்துக்கான சான்றுகளுள் ஒன்று. ஆகவே, “தங்கள் நிறுவனத்தின் பெயர் என்னிடம் இருக்கிறது, ஐந்து லட்சம் கொடுத்தால் மாற்றித் தருகிறேன்” என்று நாம் அனுப்பும் மின்னஞ்சலையே எதிர்த்தரப்பு முதல் ஆவணமாக நடுவர் முன் வைக்கும். தீய எண்ணத்தோடு பதிவு செய்ததை மட்டுமன்றி, அப்படிப் பயன்படுத்தியதையும் காட்ட வேண்டும் என்பது ஐகான் விதி. ‘.இன்’ பெயர்களுக்கான இந்திய விதியிலோ, தீய எண்ணத்தோடு பதிவு செய்தது அல்லது பயன்படுத்தியது, இரண்டில் ஒன்றை நிறுவினாலே போதும். டொமைன் பெயருக்கும் வணிகச் சின்னத்துக்குரிய பாதுகாப்பு உண்டு என்று நமது உச்ச நீதிமன்றம் சிஃபி வழக்கில் 2004-லேயே தீர்ப்பளித்துவிட்டது. இருபது ஆண்டுகளுக்குப் பிறகும் பெரிய நிறுவனத்தின் பெயரோடு ஓர் ஊர்ப் பெயரை ஒட்டிப் பதிவு செய்துகொண்டு அதிர்ஷ்டத்துக்குக் காத்திருப்பவர்களை நான் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறேன்.

சரி, நேர்மையான வழியில் பெயரை எப்படித் தேர்ந்தெடுப்பது? சரக்கின் பெயர், தொழிலின் பெயர், ஊரும் தொழிலும் சேர்ந்த பெயர் என்று பலருக்குப் பொருந்துவனவற்றைப் பார்க்க வேண்டும். பிறகு அந்தப் பெயரைத் தொலைபேசியில் ஒருவரிடம் ஒரே ஒருமுறை சொல்லி, அவரைக் கணினியில் தட்டச் சொல்ல வேண்டும். தமிழ்ச் சொற்களுக்கு இந்தச் சோதனை மிகவும் கடுமையானது. மளிகை என்பதை ஆங்கில எழுத்தில் தட்டும்போது ஓர் ‘எல்’ கூடிவிட்டால் அது மல்லிகை ஆகிவிடுகிறது. அரிசி பருப்பு தேடி வந்தவர் பூக்கடைக்குப் போய்விடுவார். ழகரம் வந்தால் பாதிப் பேர் ‘இசட் ஹெச்’ என்பார்கள், மீதிப் பேர் ‘எல்’ என்பார்கள். இப்படி இரண்டு மூன்று விதமாக எழுதக்கூடிய பெயரை வாங்குபவர், எல்லா வடிவங்களையும் சேர்த்து வாங்கினாலொழிய விவரமறிந்த எந்த வணிகரும் நல்ல விலை தரமாட்டார். பெயரில் இடைக்கோடும் எண்ணும் இருந்தால் தொட வேண்டாம். தமிழ் எழுத்திலேயே அமைந்து ‘.இந்தியா’ என்று முடியும் முகவரிகளும் இருக்கின்றன. எனக்கு மிகவும் பிடித்தமானவை, ஆனால் மறுவிற்பனைக்கு இப்போதைக்கு ஆள் இல்லை என்பதே என் கணிப்பு.

ஏற்கெனவே ஒருவரிடம் இருந்து கைவிடப்பட்ட பெயராக இருந்தால், அந்த முகவரியில் முன்பு என்ன நடந்தது என்பதை, தளங்களின் பழைய பக்கங்களைச் சேமித்து வைக்கும் இணையக் காப்பகத்தில் பார்த்துவிட வேண்டும். சூதாட்டத் தளமாக இருந்த பெயரைத் துணிக்கடைக்காரரிடம் விற்றால், அவர் அனுப்பும் மின்னஞ்சல்கள் வாடிக்கையாளரின் குப்பைப் பெட்டியில் விழக்கூடும்.

கட்டுரையில் எனக்கு உறுத்தலாக இருந்த மற்றொன்று, டொமைனை “இணையத்து வீட்டுமனை” என்று வர்ணித்தது. பத்திரம் பதிந்து வாங்கிய மனை, நாம் மறந்துபோனாலும் பத்தாண்டு கழித்து அங்கேயேதான் இருக்கும். டொமைன் ஆண்டுக் குத்தகை. ஒரே தடவையில் கட்டினாலும் பத்தாண்டுக்கு மேல் பதிவு செய்ய முடியாது. தவணை தவறினால் சலுகைக் காலம் சில வாரங்கள் கிடைக்கும், அதன்பின் 30 நாள்கள் அபராதம் கட்டி மீட்கலாம், அதற்கும் அடுத்த ஐந்து நாள்களில் பெயர் பொதுவெளிக்கு வந்துவிடும். அந்த நொடிக்காகவே மென்பொருளை ஏவிவிட்டுக் காத்திருக்கும் நிறுவனங்கள் உண்டு. ஒரு பெயரைப் புதுப்பிக்க ஆண்டுக்கு ஆயிரம் ரூபாய் என்று வைத்துக்கொண்டால், இருநூறு பெயர்களைச் சேர்த்து வைத்திருப்பவர் எதையும் விற்காவிட்டாலும் ஆண்டுதோறும் இரண்டு லட்சம் ரூபாய் கட்ட வேண்டும். முதலாண்டுக்கு நூறு ரூபாய்க்கும் குறைவாக விற்கப்படும், ‘.காம்’ போலப் பெயரின் முடிவில் வரும் புதுவகைப் பின்னொட்டுகளில் இரண்டாம் ஆண்டுக் கட்டணம் பல மடங்காக இருப்பதும் வழக்கம். வேலை தேடும் இளைஞர்களுக்கு இதைச் சொல்லாமல் 75 லட்சம் டாலர் கதையை மட்டும் சொல்வது முறையன்று.

ஆகவே, இத்துறை பற்றித் தாங்கள் அடுத்து வெளியிடும் கட்டுரையில் புதுப்பிப்புக் கட்டணக் கணக்கையும், வணிகச் சின்னப் பதிவேட்டில் ஒரு பெயரைத் தேடிப் பார்க்கும் முறையையும் விளக்கினால் உதவியாக இருக்கும். மைய அரசின் வணிகச் சின்னப் பதிவகத் தளத்தில் அந்தத் தேடலை எவரும் கட்டணமின்றிச் செய்யலாம். பெயரைப் பதிவு செய்வதற்கு முன் அதற்கு ஐந்து நிமிடம் செலவிட்டால் போதும்.

இப்படிக்கு,
இணையதள வடிவமைப்பாளர் ஒருவர்,
திருப்பூர்.