73 வெற்றிகளை மறக்கலாமா?

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். அமெரிக்காவின் என்.பி.ஏ. கூடைப்பந்து லீக்கின் 2015-16 பருவத்தைப் பற்றிப் பேச்செடுத்தாலே, கோல்டன் ஸ்டேட் வாரியர்ஸ் அணி, நான்கு ஆட்டங்களில் வென்றால் கோப்பை என்ற இறுதித் தொடரில் 3-1 என முன்னிலை பெற்றிருந்தும் கோப்பையைக் கோட்டை விட்டதைத்தான் பலரும் சொல்கிறார்கள். இது அந்த அணிக்குச் செய்யும் அநீதி என்றே கருதுகிறேன்.

முதுகு அறுவை சிகிச்சைக்குப் பின் பயிற்சியாளர் ஸ்டீவ் கெர் முதல் 43 ஆட்டங்களுக்கு வர இயலாத நிலையிலும், தொடர்ந்து 24 வெற்றிகளுடன் பருவத்தைத் தொடங்கிய அணி அது. 82 ஆட்டங்களில் 73 வெற்றி பெற்று, சிகாகோ புல்ஸ் 1995-96இல் படைத்த 72 வெற்றிச் சாதனையை முறியடித்தது. ஸ்டீபன் கரி மட்டும் தொலைவிலிருந்து எறியும் மூன்று புள்ளிக் கூடைகள் 402 போட்டார். அதுவரை ஒரு பருவத்தில் எவரும் 300ஐக்கூட எட்டியதில்லை.

இறுதித் தொடரில் வாரியர்ஸை வென்ற கிளீவ்லேண்ட் கவலியர்ஸின் வெற்றியைக் குறைத்து மதிப்பிடவில்லை. ஏழாவது ஆட்டத்தில் 89-89 என்ற சமநிலையில், வாரியர்ஸ் வீரர் இகுவோடாலா கூடையை நோக்கி எறிந்த பந்தைப் பின்னாலிருந்து பாய்ந்துவந்த கவலியர்ஸ் வீரர் லெப்ரான் ஜேம்ஸ் பலகையோடு அடித்துத் தடுத்ததும், ஆட்டம் முடிய ஒரு நிமிடத்திற்கும் குறைவாக இருக்கையில் கரியின் கைக்கு மேலாக அதே அணியின் கைரி இர்விங் மூன்று புள்ளிகள் எடுத்ததும் அபாரமானவை. ஆனால், ஆறு மாத உழைப்பின் மதிப்பை அந்த 93-89 தோல்வி அழித்துவிடாது.

ஆகவே, இனிவரும் பருவங்களில் இறுதித் தொடர் முடிவோடு நிறுத்திக்கொள்ளாமல், லீக் சுற்று ஆட்டங்களையும் புள்ளிப் பட்டியலையும் வாரம் ஒருமுறையாவது தங்கள் நாளிதழில் வெளியிட வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
கூடைப்பந்து ஆர்வலர் ஒருவர்