ரோசலி லா ஃபிளெஷ் அவர்களுக்கு

அன்புள்ள ரோசலி அம்மா,

உங்கள் குடும்பத்தைப் பற்றி எழுதுகிறவர்கள் உங்களுக்கு ஒரு வரிதான் ஒதுக்குகிறார்கள். அக்கா சூசெட் மேடையேறினார், அண்ணன் ஃபிரான்சிஸ் ஆய்வாளரானார், தங்கை சூசன் டாக்டரானார், இன்னொரு தங்கை மார்கரீட் ஆசிரியை. அப்புறம் ரோசலி, அவர் ஊரோடு இருந்துவிட்டார். அவ்வளவுதான்! எனக்கென்னவோ அந்த வீட்டில் பாரம் அதிகம் சுமந்தவர் நீங்கள்தான் என்று தோன்றுகிறது.

உங்கள் அப்பா ஜோசப், அமெரிக்கப் பழங்குடியான ஒமாஹா மக்களின் தலைவர் 'இரும்புக்கண்', கணக்குப் போட்டுத்தான் உங்களை வளர்த்தார். 1854 ஒப்பந்தத்தில் நெப்ராஸ்கா நிலத்தின் பெரும்பகுதி கைமாறிப் போனது. காட்டெருமைக் கூட்டங்களும் தீர்ந்துகொண்டிருந்தன. வெள்ளைக்காரர்கள் வந்துகொண்டேதான் இருப்பார்கள், அவர்கள் படிப்பைப் படித்தால்தான் நம்மால் தாக்குப்பிடிக்க முடியும் என்பது அவர் முடிவு. பலகை வீடுகள் கட்டினார், சாராயத்தைத் தடுத்தார். வெள்ளைக்கார வேஷம் போடுகிறவர்களின் ஊர் என்று சொந்த சனமே கேலி பேசியது. தலைவர் மகள்களுக்குப் பச்சை குத்துவது கௌரவம். அதையும் உங்களுக்கு வேண்டாம் என்றுவிட்டார். மரக்காலோடு நடந்த ஒரு மனிதருக்கு எவ்வளவு பிடிவாதம் பாருங்கள்.

1879-இல், அரசு தெற்கே விரட்டியிருந்த பொன்கா பழங்குடியின் தலைவர் ஸ்டாண்டிங் பேர், இறந்த மகனின் எலும்புகளைச் சொந்த மண்ணில் புதைக்க வடக்கே நடந்து வந்து கைதானார். செவ்விந்தியரும் சட்டத்தின் முன் ஒரு மனிதர்தான் என்று நீதிபதி டண்டி தீர்ப்புச் சொன்ன வழக்கு அது. பிறகு கிழக்கு நகரங்களில் ஸ்டாண்டிங் பேரின் பேச்சை மொழிபெயர்த்தபடி, தானும் கூட்டம் கூட்டமாகப் பேசினார் சூசெட். ஃபிரான்சிஸும் கூடப் போனார். பிலடெல்பியாவின் பெண்கள் மருத்துவக் கல்லூரியில் 1886-இல் நம் ஆனந்திபாய் ஜோஷி பட்டம் வாங்கிவிட்டுப் போக, அதே ஆண்டு உள்ளே நுழைந்தவர் சூசன். 1889-இல் வகுப்பிலேயே முதலாவதாக வெளியே வந்தார். அமெரிக்கப் பழங்குடியினரில் மருத்துவப் பட்டம் பெற்ற முதல் பெண் அவர்தான்.

அங்கே பிணத்தை அறுத்துப் படித்த கதைகளைச் சூசன் யாருக்கு எழுதினார்? உங்களுக்குத்தான். ஒமாஹா மக்களை ஆராய வந்த ஆலிஸ் ஃபிளெச்சர் எழுதியதும் உங்களுக்கு. கைக்குழந்தைகள், சமையல், வாசலில் வந்து நிற்கும் ஊர்க்காரர்கள் எல்லாவற்றுக்கும் நடுவே பதில் போட்டீர்கள். வந்த கடிதங்களைக் கிழித்துப் போடவும் இல்லை. இன்று அவை லிங்கன் நகர ஆவணக் காப்பகத்தில் இருக்கின்றன. சூசனின் மாணவப் பருவத்தை அவர் சொல்லிலேயே நாங்கள் படிக்க முடிகிறது என்றால் அது உங்கள் தயவு.

ஃபிரான்சிஸ் அண்ணனிடம்தான் எனக்கு மனம் முழுதாக ஒட்டவில்லை. மெழுகு உருளைகளில் பாட்டுகளைப் பதிந்தார், ஃபிளெச்சரோடு சேர்ந்து 1911-இல் ஒமாஹா மக்களைப் பற்றிய பெரிய நூலைக் கொடுத்தார். எல்லாம் சரி. ஆனால் 1888-இல் அந்த மக்களின் புனிதக் கம்பம் ஹார்வர்டின் பீபாடி அருங்காட்சியகத்துக்குப் போனதும் அவர் முயற்சியால்தான். அழிந்துவிடும் என்ற பயத்தில் செய்தார், புரிகிறது. அது திரும்பி வர 1989 ஆகிவிட்டது.

அடுத்தது நிலம். 1882 சட்டப்படி ஃபிளெச்சர் ஆளுக்கு இவ்வளவு என்று பிரித்துக் கொடுக்க வந்தார். அண்ணன் அவருக்கு மொழிபெயர்ப்பாளர். பிரித்தது போக மீதி இருந்த பொது மேய்ச்சல் நிலத்தை உங்கள் கணவர் எட் ஃபார்லி குத்தகைக்கு எடுத்தார். யார் மாடு எத்தனை, யார் எவ்வளவு தர வேண்டும் என்ற கணக்கெல்லாம் உங்கள் தலையில். அதிலிருந்துதான் வழக்கு, அவதூறு, சூசெட்டோடும் அவர் கணவர் டிபிள்ஸோடும் மனக்கசப்பு. டிபிள்ஸ் பத்திரிகைக்காரர், அவர் தரப்பைச் சொல்ல அவருக்குத் தெரியும். பொது நிலத்தை ஒரு குடும்பம் குத்தகைக்கு எடுத்தால் ஊர் பேசத்தான் செய்யும், அதையும் மறைக்க வேண்டியதில்லை. இருந்தாலும் அந்தச் சண்டையை உங்கள் வாயால் கேட்க வேண்டும் என்று ஆசை. படித்தவர்கள் ஊர் ஊராகப் பேசப் போனபோது, அவர்கள் பேசிய அந்த நிலத்தை அன்றாடம் கட்டி மேய்த்தது நீங்கள்தானே.

1900-இல் நீங்கள் போன பிறகு நடந்ததையும் சொல்லிவிடுகிறேன். தனித்தனியாகப் பிரித்த நிலம் கடன், வரி, ஏமாற்று என்று ஒவ்வொன்றாக விலைக்குப் போனது. சூசெட் 1903-இல் காலமானார். காசநோயோடும் சாராயக் கடைகளோடும் மல்லுக்கட்டிய சூசன், 1913-இல் வால்ட்ஹில் என்ற ஊரில் ஒரு மருத்துவமனையைத் திறக்க வைத்தார். இரண்டே ஆண்டில் அவரும் போய்விட்டார். நெப்ராஸ்காவின் தர்ஸ்டன் கவுண்டியில் ஒரு சிற்றூருக்கு உங்கள் பெயரை வைத்திருக்கிறார்கள்.

அன்புடன்,
உங்கள் வீட்டுக் கடிதங்களைப் படித்த ஒரு வாசகி