பரணில் கிடக்கும் 386

ஆசிரியருக்கு வணக்கம்.

கிருஷ்ணகிரி பழையபேட்டையில் 1994 முதல் கணினித் தட்டச்சு மையம் நடத்தியவன் நான். கல்யாணப் பத்திரிகை, மாம்பழ மண்டி பில், கல்லூரிப் பிள்ளைகளின் புராஜெக்ட் எல்லாமே ஒரே 386 கணினியில்தான் (386 என்பது அந்தக் காலத்துச் சிப்பின் பெயர்). போன மாதம் அதைப் பரணிலிருந்து இறக்கினேன். மதர்போர்டில் பற்றவைத்திருந்த சின்ன நீல பேட்டரி கசிந்து, சுற்றியிருந்த செம்புக் கோடுகளைப் பச்சை பூக்க அரித்துவிட்டது. மூட்டை கட்டும்போதே அதை நறுக்கி எடுத்திருந்தால் போர்டு பிழைத்திருக்கும். ஃப்ளாப்பிகளிலோ பூஞ்சை.

கீபோர்டு மட்டும் நன்றாக இருக்கிறது. எழுத்துகளின் மேல் கையால் எழுதி ஒட்டிய தமிழ்த் துண்டுகள்கூட உதிரவில்லை! 1999இல் தமிழ்99 என்ற பொது விசை அமைப்பு வருவதற்கு முன் ஃபாண்டுக்கு ஒரு விசை அமைப்பு. ஆள் மாறினால் துண்டும் மாறும். இதை எந்தப் புத்தகத்தில் போய்ப் படிப்பது?

அமெரிக்காவில் மவுண்டன் வியூ கணினி அருங்காட்சியகம் எந்திரத்தோடு கையேடு, விளம்பரத்தாள் எல்லாவற்றையும் சேர்க்கிறது. இங்கே ஒரு பள்ளியில் பழைய கணினிகளைக் கையேடுகளோடு எடைக்குப் போட்டதைப் பார்த்தேன். வயிறு எரிந்தது.

நடுகற்களைக் காக்கும் நம் அரசு அருங்காட்சியகத்தில் இதற்கும் ஒரு அலமாரி ஒதுக்கலாமே. கீபோர்டையும், அப்புறம் என் பில் புத்தகங்களையும் தரத் தயார்.

- ஒரு வாசகர், பழையபேட்டை, கிருஷ்ணகிரி