பதின்மூன்றாவது சுற்றையும் கணக்கில் சேருங்கள்

மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு,

வணக்கம். உக்ரைன் குத்துச்சண்டை வீரர் ஒலெக்சாண்டர் உசிக்கைப் பழைய ஹெவிவெயிட் (அதிக எடைப் பிரிவு) சாம்பியன்களோடு ஒப்பிட்டுக் கடந்த இதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். உசிக்கை உயரத்தில் வைத்ததில் எனக்கு முழுச் சம்மதம். ஆனால் ஜோ லூயிஸும் ராக்கி மார்சியானோவும் இன்றைய ராட்சதர்களுக்கு முன்னால் நிற்கவே முடியாத சிறிய உடம்புக்காரர்கள் என்று ஒரே வரியில் ஒதுக்கிவிட்டதை ஏற்க முடியவில்லை.

உடம்பின் அளவை வைத்து ஒதுக்குவதென்றால் முதலில் அடிபடுவது உசிக்தான். 2024 மே மாதம் ரியாத்தில் டைசன் ஃபியூரியைச் சந்தித்தபோது உசிக்கின் எடை சுமார் 101 கிலோ. ஃபியூரி 119 கிலோவுக்கு அருகில் இருந்தார், உயரத்திலும் அரை அடி கூடுதல். அந்த உடம்பைத்தான் உசிக் ஒன்பதாவது சுற்றில் கயிற்றோரம் விரட்டி விரட்டி அடித்து, நடுவர் எண்ணத் தொடங்கும் நிலைக்குக் கொண்டுவந்தார். இதைக் கொண்டாடுகிற கட்டுரை, 1935இல் லூயிஸ் செய்ததை ஏன் மறந்தது? சுமார் 89 கிலோ எடையோடு அவர் 118 கிலோ பிரிமோ கார்னெராவை ஆறாவது சுற்றில் முடித்தார். 1919இல் ஜாக் டெம்ப்சி தன்னைவிட 25 கிலோவுக்கு மேல் கனமான ஜெஸ் வில்லார்டை முதல் சுற்றிலேயே ஏழு முறை தரையில் விழவைத்தார். பெரிய ஆளைச் சின்ன ஆள் வீழ்த்துவது உசிக்கோடு தொடங்கிய கதை இல்லை.

மார்சியானோ விஷயத்தில் மட்டும் கட்டுரையாளர் பக்கம் பாதி நியாயம் இருக்கிறது. 84 கிலோ சொச்சம்தான் அவர் எடை. இன்றைக்கு வந்தால் ஹெவிவெயிட்டுக்குக் கீழே, 90.7 கிலோ வரம்புள்ள குரூசர்வெயிட் பிரிவில்தான் ஆடுவார். அவர் வென்ற பெரிய பெயர்களில் லூயிஸுக்கு அப்போது வயது 37, ஜெர்சி ஜோ வால்காட்டுக்கு 38.

சரி, உடம்பை விடுவோம். கட்டுரை தொடாமலே போன பெரிய விஷயம் சுற்றுகளின் எண்ணிக்கை. லூயிஸ், மார்சியானோ, முகமது அலி காலத்தில் பட்டப் போட்டி என்றால் 15 சுற்று. இன்று 12. மூன்று சுற்றுதானே, ஒன்பது நிமிடம்தானே என்று தோன்றும். அந்த ஒன்பது நிமிடத்தை எடுத்துவிட்டால் குத்துச்சண்டையின் வரலாறே வேறு.

1952 செப்டம்பரில் வால்காட்டோடு மோதிய மார்சியானோ முதல் சுற்றிலேயே விழுந்தார். 12 சுற்று முடிந்தபோது மதிப்பெண் போடும் மூன்று பேரின் அட்டையிலும் பின்தங்கியிருந்தார். பதின்மூன்றாவது சுற்றில் ஒரே ஒரு வலது கைக் குத்து, வால்காட் சாய்ந்தார், பட்டம் கைமாறியது. இன்றைய விதி அன்று இருந்திருந்தால் மார்சியானோவின் 49 போட்டி, 49 வெற்றி என்ற சாதனையே கிடையாது. லூயிஸுக்கும் அதே கதைதான். 1941 ஜூனில் தன்னைவிட மிகவும் எடை குறைந்த பில்லி கான் அவரைத் திணறடித்தார். 12 சுற்று முடிவில் இரண்டு அட்டைகளில் கான் முன்னிலை, மூன்றாவதில் சமநிலை. இன்றைய கணக்கில் கான்தான் சாம்பியன். அவரோ பதின்மூன்றாவது சுற்றிலும் முன்னேறி அடிக்கப் போய், அதே சுற்றின் கடைசி விநாடிகளில் வீழ்ந்தார்.

அப்படியென்றால் அவர்கள் அதிர்ஷ்டத்தில் தப்பியவர்களா? நான் அப்படிப் பார்க்கவில்லை. 15 சுற்றுக்கென்று மூச்சைச் சேமித்து, எதிராளியின் வயிற்றிலும் விலாவிலும் குத்திக் குத்தி மெல்லக் கரைத்து, கடைசியில் முடிப்பது ஒரு தனிக் கலை. அந்த இடத்தில் நிறுத்திப் பார்க்கப்படாதவர் உசிக். அது அவர் குற்றம் இல்லை. பிற்பகுதிச் சுற்றுகளில் அவர் வேகம் கூடுவதைப் பார்த்தால், 15 சுற்று அவருக்கு இன்னும் வசதியாக இருந்திருக்கும் என்றே நினைக்கிறேன். பிரிட்டன் வீரர் ஆண்டனி ஜோஷ்வாவுடனான முதல் போட்டியின் கடைசிச் சுற்றைப் பார்த்தவர்கள் இதை ஒப்புக்கொள்வார்கள்.

இதற்காக 15 சுற்று திரும்பி வர வேண்டும் என்று சொல்லவில்லை. 1982 நவம்பரில் ரே மான்சினியோடு மோதிய தென்கொரிய வீரர் கிம் டுக்-கூ பதினான்காவது சுற்றில் விழுந்து, சில நாளில் இறந்துபோனார். அதன் பிறகுதான் உலகப் பட்டம் வழங்கும் அமைப்புகளில் ஒன்றான டபிள்யூ.பி.சி. சுற்றுகளைக் குறைத்தது, மற்ற அமைப்புகளும் பின்தொடர்ந்தன. செய்தது சரி. ஆனால் ஒப்பிடும்போது அந்த வேறுபாட்டைச் சொல்லியாக வேண்டும்.

எத்தனை முறை மோதினார்கள் என்பதும் அப்படித்தான். லூயிஸ் 1941 ஜனவரி முதல் செப்டம்பருக்குள் மட்டும் ஏழு முறை பட்டத்தைத் தக்கவைத்தார், மொத்தம் 25 முறை. 2021 செப்டம்பரில் ஜோஷ்வாவிடமிருந்து பட்டங்களைப் பறித்தது முதல் 2025 ஜூலையில் டேனியல் டுபுவாவை ஐந்தாவது சுற்றில் வீழ்த்தியது வரை உசிக் மோதியது ஆறு முறை, அதுவும் மூன்று பேரோடு. இடையில் அவர் நாட்டில் போர் வந்தது. லூயிஸும் 1942இல் ராணுவத்தில் சேர்ந்து, அந்த ஆண்டு மார்ச்சுக்குப் பிறகு 1946 வரை பட்டப் போட்டி இல்லாமல் இருந்தார். ராணுவத்தில் சேர மறுத்ததால் அலிக்குப் போனது மூன்றரை ஆண்டு.

உசிக்குக்குச் சாதகமாகக் கட்டுரை சொல்லியிருக்க வேண்டிய ஒன்று விடுபட்டுவிட்டது. அவர் இடதுகை நிலையில் நிற்பவர். பழைய ஹெவிவெயிட் சாம்பியன்கள் அப்படிப்பட்டவர்களை அபூர்வமாகவே சந்தித்தார்கள். 1966இல் ஃபிராங்ஃபர்ட்டில் கார்ல் மில்டன்பெர்கர் என்ற இடதுகைக்காரர், நல்ல ஃபார்மில் இருந்த அலியையே குழப்பி, பன்னிரண்டாவது சுற்று வரை இழுத்தடித்தார். மில்டன்பெர்கருக்கே அந்தப் பாடு என்றால், கால் வேகமும் ஜாப்பும் (முன்கையால் விடும் நேர்க் குத்து) உள்ள உசிக் அலிக்கு மிகக் கடினமான இரவைக் கொடுத்திருப்பார். அலி புள்ளிகளில் வென்றிருப்பார் என்பது என் கணிப்பு, அதுவும் நூலிழையில்.

என் வரிசையில் அலி முதல், லூயிஸ் இரண்டாவது. எவாண்டர் ஹோலிஃபீல்டும் உசிக்கைப் போலவே குரூசர்வெயிட், ஹெவிவெயிட் இரண்டிலும் எல்லாப் பட்டங்களையும் சேர்த்தவர்தான். ஆனாலும் அவருக்கு ஒரு படி மேலேதான் உசிக்கை வைப்பேன். ரஷ்யாவின் கஸியேவை மாஸ்கோவில், இங்கிலாந்தின் பெல்யூவை மான்செஸ்டரில், ஜோஷ்வாவை லண்டனில் என்று எதிராளியின் நாட்டுக்கே போய் வென்றவர் அவர். அந்தத் துணிச்சலுக்காகவே.

தொடரின் அடுத்த பகுதி வரும் என்று அறிவித்திருக்கிறீர்கள். அதில் வரும் அட்டவணையில் உயரம், எடைக்குப் பக்கத்தில், ஒவ்வொருவரும் எத்தனை சுற்றுப் போட்டிகளில் பட்டம் வென்றார்கள் என்பதற்கும் ஒரு கட்டம் போடுமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
தங்கள் நெடுநாள் வாசகர்