நான்காவது சுற்றை ஓட்ட விடுங்கள்: சைக்ளோகிராஸ் லீக் குழுவுக்கு ஒரு திறந்த மடல்

வட இங்கிலாந்தில் எங்கள் வட்டார சைக்ளோகிராஸ் லீக்கை நடத்தும் குழுவினருக்கும், டிசம்பரில் நடந்த சாம்பியன்ஷிப்பில் நடுவர்களாக நின்றவர்களுக்கும் வணக்கம்.

இதன் ஆங்கிலப் படி உங்கள் மின்னஞ்சலுக்கு ஏற்கெனவே வந்து சேர்ந்திருக்கும். தமிழிலும் எழுதக் காரணம், "ஞாயிறு ஆனால் சேற்றில் விழுந்து புரண்டு வருகிறாயே, உனக்கு என்ன கேடு?" என்று கேட்கும் என் வீட்டாரும் நண்பர்களும்தான். அன்று பந்தயத்தின் நடுவே, மூன்று சுற்றோடு என்னைப் பாதையிலிருந்து இறக்கிவிட்டீர்களே, என்ன நடந்தது என்று அவர்களுக்கும் தெரியட்டும். அவர்களுக்காக, உங்களுக்குத் தண்ணீர் பட்ட பாடான சில விஷயங்களையும் நடுவே விளக்க வேண்டியிருக்கிறது. பொறுத்துக்கொள்ளுங்கள்.

சைக்ளோகிராஸ் என்பது குளிர்கால சைக்கிள் பந்தயம். சாலையில் அல்ல, பூங்கா, புல்வெளி, மரத்தடி, மணல், மேடு என்று கிடைத்த இடத்தில். பெரிய போட்டிகளில் சுற்றுப்பாதை இரண்டரை முதல் மூன்றரை கிலோமீட்டர் இருக்கும். எங்களுடையதும் ஏறக்குறைய அவ்வளவுதான். நடுவில் 40 சென்டிமீட்டர் வரை உயரமுள்ள பலகைகளை நட்டு வைத்திருப்பார்கள். இறங்கி, வண்டியைக் கையில் தூக்கிக்கொண்டு தாண்ட வேண்டும். மிதித்து ஏற முடியாத சரிவில் வண்டியைத் தோளில் மாட்டிக்கொண்டு ஓட வேண்டும். இத்தனை கிலோமீட்டர் என்று கணக்கில்லை, இத்தனை நிமிடம் என்றுதான் கணக்கு. பிரான்சில் 1902-லேயே தேசியப் போட்டி நடந்த பழைய விளையாட்டு இது. பெல்ஜியத்தில் இதை டிக்கெட் வாங்கிப் பார்க்க ஆயிரக்கணக்கில் கூட்டம் வரும். எங்கள் லீக்கைப் பார்க்க வருவது எங்கள் வீட்டு நாய்கள்.

சரி, அன்றைய நாளுக்கு வருகிறேன். முதலில் சேற்றைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

எல்லாச் சேறும் ஒரே சேறு என்று வெளியே நின்று பார்ப்பவர்கள் நினைக்கிறார்கள். நாகர்கோவில் பக்கம் நடவுக்காக உழுது கலக்கிய வயலைத் தொளி என்போம். தொளியில் சைக்கிள் ஓட்டுவது பார்க்கிற அளவுக்குக் கஷ்டமில்லை. தண்ணீர் நிறைய இருப்பதால் சக்கரத்தில் ஒட்டியது அடுத்த திருப்பத்திலேயே வழிந்துவிடும். கண்ணில், வாயில், காதில் போகுமே தவிர வண்டி ஓடும். மழை கொட்டிக்கொண்டே இருக்கும் நாளில் நமது பாதை தொளிதான். வினை வருவது மழை நின்ற பிறகு. தண்ணீர் கொஞ்சம் வடிந்து, மண் கேழ்வரகுக் களிப் பதத்துக்கு வந்ததும், அது போவோர் வருவோர் பிய்த்துப் போட்ட புல்லோடு சேர்ந்துகொள்ளும். மண்ணும் புல்லும் சேர்ந்தால் செங்கல்லுக்குப் பிசைந்த மாதிரி. முன்கவையில் அடைக்கும், பிரேக்கில் அடைக்கும், பின்னால் கியர் மாற்றும் பகுதியில் கயிறு போலச் சுற்றிக்கொள்ளும். அதைத் தாங்கிப் பிடித்திருக்கும் ஹேங்கர் என்ற சின்ன அலுமினியத் துண்டு பட்டென்று முறியும். சட்டகம் உடையாமல் தான் உடைவதற்காகவே வைத்த துண்டுதான் அது. ஆனால் அது போனால் அன்றைய பந்தயமும் போயிற்று. அன்று போட்டி முடிந்து என் வண்டியைப் பெட்டி நிறுக்கும் தராசில் மாட்டிப் பார்த்தேன். வீட்டிலிருந்து கிளம்பும்போது 9 கிலோ. அப்போது 13.

இரவெல்லாம் பெய்த மழை காலை 10 மணிக்கு நின்றது. சிறுவர்கள் தொளியில் ஓட்டினார்கள். 12 மணிக்கு எங்கள் முறை வந்தபோது பாதை முழுக்கக் களி.

தொழில்முறை வீரர்களுக்கும் இதே களிதான். ஆனால் அவர்களுக்குக் குறைந்தது இரண்டு வண்டி இருக்கும். ஒவ்வொரு சுற்றிலும் வண்டி மாற்றும் இடமான பிட் பகுதியை இரண்டு முறை கடப்பார்கள். அழுக்கு வண்டியைக் கொடுத்துவிட்டு, உதவியாளர் பீய்ச்சியடித்துக் கழுவிய வண்டியில் ஏறிப் போவார்கள். நெதர்லாந்து வீரர் மாத்யூ வான் டெர் போல் 2025-இல் பிரான்சின் லியேவானில் ஏழாவது உலகப் பட்டத்தை வென்றார். அவரைப் போன்ற ஒருவர் மோசமான சேற்றில் அரைச் சுற்றுக்கு ஒரு வண்டி மாற்றுவதும் சாதாரணம். எங்களில் பெரும்பாலோருக்கு இருப்பது ஒரே வண்டி. திங்கட்கிழமை அதில்தான் வேலைக்கும் போக வேண்டும். சுற்றுக்கு ஒருமுறை இறங்கி விரலால் சேற்றைத் தோண்டி எடுத்துவிட்டுத் திரும்ப ஏறுவோம். நம் நேரக் கணக்கில் அந்தத் தோண்டலும் அடக்கம் என்பதை மனதில் வைத்துக்கொண்டு மேலே படியுங்கள்.

நான் 40 வயதுக்கு மேற்பட்டோர் பிரிவு. 40 நிமிடப் பந்தயம். முதலில் போனவர் ஒவ்வொரு சுற்றையும் சொல்லி வைத்தாற்போல் 8 நிமிடத்தில் முடித்தார். எனக்குச் சுற்றுக்கு 10 நிமிடம் 10 விநாடி ஆயிற்று. மூன்று சுற்று முடித்து, முப்பதரை நிமிடத்தில் முடிவுக் கோட்டை நெருங்கியபோது ஒரு நடுவர் கை காட்டி என்னைப் பாதையோரம் கட்டிய நாடாவுக்கு அந்தப் பக்கம் போகச் சொன்னார். 80 விழுக்காடு விதி என்றார்.

வீட்டாருக்காக: முன்னணியில் இருப்பவர் முதல் சுற்றுக்கு எடுத்த நேரத்தில் 80 விழுக்காடு அளவுக்கு ஒருவர் பின்தங்கிவிட்டால் அவரைப் பாதையிலிருந்து இறக்கிவிடுவது உலகச் சங்கமான யூசிஐயின் போட்டிகளில் உள்ள வழக்கம். 8 நிமிடத்தில் 80 விழுக்காடு என்பது 6 நிமிடம் 24 விநாடி. நான் 6 நிமிடம் 30 விநாடி பின்னால் இருந்தேன். ஆகவே வெளியே.

இப்போது கணக்கை இன்னும் கொஞ்சம் நீட்டிப் பார்ப்போம். முதலில் போனவர் ஐந்து சுற்றை முடித்தது சரியாக 40 நிமிடத்தில். அவர் கோட்டைத் தாண்டியதும், பின்னால் வரும் ஒவ்வொருவரும் அடுத்து எப்போது கோட்டைத் தொடுகிறாரோ அதோடு அவருக்கும் பந்தயம் முடிந்தது. ஒரு சுற்று குறைவு, இரண்டு சுற்று குறைவு என்று வரிசை போடுவீர்கள். சீசன் முழுக்க லீக் பந்தயங்களில் அப்படித்தான் செய்தீர்கள். என்னை விட்டிருந்தால் நான்காவது சுற்றை 40 நிமிடம் 40 விநாடியில் முடித்திருப்பேன். அதாவது வென்றவர் முடித்து 40 விநாடிக்குள் நானும் முடித்திருப்பேன். இடையில் அவர் என்னைத் தாண்டிப் போவது ஒரே ஒரு முறை, கடைசிச் சுற்றில், முப்பத்தேழாவது நிமிடத்துக்குப் பிறகு. அந்த ஒரு முறைக்காக என் பத்து நிமிடத்தை எடுத்துக்கொண்டீர்கள்.

என் கதையாவது போகட்டும். நான் எப்படியும் கடைசிப் பத்தில் வருகிறவன். எங்கள் கிளப்பில் ஐம்பது வயதைத் தாண்டிய ஒரு பெண்மணி இருக்கிறார். இந்த ஊர்க்காரர்தான், பெயர் சொல்லித்தான் கூப்பிடுவேன், ஆனால் மனதுக்குள் அக்கா. அவர் பிரிவு எங்களோடு அதே நேரத்தில்தான் ஓட்டியது. நெரிசல் வேண்டாம் என்று அவர்களை எங்களுக்கு 2 நிமிடம் கழித்துக் கிளப்பினீர்கள். நல்ல ஏற்பாடு. ஆனால் 80 விழுக்காட்டை எங்கள் பிரிவின் முதல்வரை வைத்து, எங்கள் கடிகாரத்திலேயே கணக்கிட்டீர்கள். 6 நிமிடம் 24 விநாடியில் 2 நிமிடம் அவர் பெடலை மிதிக்கும் முன்பே கரைந்துவிட்டது. இரண்டே சுற்றில், கடிகாரம் இருபத்திரண்டரை நிமிடம் காட்டும்போது, 6 நிமிடம் 30 விநாடி பின்னால் என்று சொல்லி இறக்கிவிட்டீர்கள். அப்போது அவர் தன் பிரிவில் மூன்றாவது. இரண்டாவதாக இருந்தவர் இவருக்கு 15 விநாடி முன்னால் போனார். அவர் எல்லைக்குள் இருந்ததால் தொடர்ந்தார். 15 விநாடி என்பது அந்தக் களியில் ஒரு வழுக்கல். யார் வழுக்குவார் என்று பார்க்கத்தானே அத்தனை பேரும் குளிரில் நின்றோம்? வெள்ளிப் பதக்கம் யாருக்கு என்பதை நாடாதான் முடிவு செய்தது. அக்கா ஒன்றும் சொல்லவில்லை. வண்டியைச் சுவரில் சாய்த்துவிட்டு, எங்கள் கூடாரத்தில் எல்லோருக்கும் தேநீர் ஊற்றிக் கொடுத்தார். எனக்குத்தான் ஆறவில்லை.

புகார் சொன்னபோது மூன்று காரணம் எழுதியிருந்தீர்கள். முன்னணி வீரர்களுக்கு இடைஞ்சல் என்பது முதலாவது. சீசன் முழுக்க நாங்கள் மெதுவாகப் போனோம், அவர்கள் "இடது பக்கம்!" என்று கத்தினார்கள், ஒதுங்கினோம், யாரும் சாகவில்லை. இதற்கு மேல் இதில் பேச ஒன்றுமில்லை.

இருட்டிவிடும் என்பது இரண்டாவது. டிசம்பரில் இங்கே நான்கு மணிக்கு முன்பே சூரியன் மறைகிறது, அதற்குள் முதன்மைப் பந்தயத்தையும் முடிக்க வேண்டும், உண்மை. ஆனால் இறக்கிவிடுவதால் மிஞ்சும் நேரம் மிகக் கொஞ்சம். முதல்வர் முடித்த பிறகு எல்லோருக்கும் அதிகபட்சம் ஒரு சுற்று, அவ்வளவுதான். நேரம்தான் பிரச்சினை என்றால் காலையிலேயே அட்டவணையைத் தொட்டிருக்கலாம். 2013 உலகச் சாம்பியன்ஷிப் அமெரிக்காவின் லூயிவில்லில் நடந்தது. ஐரோப்பாவுக்கு வெளியே முதல் முறை. ஒஹையோ ஆறு பெருகிப் பாதையை நோக்கி ஏறி வந்தது. இரண்டு நாள் நிகழ்ச்சியைச் சுருக்கி, நான்கு பந்தயங்களையும் பிப்ரவரி 2-ஆம் தேதி ஒரே நாளில் நடத்தி முடித்தார்கள். ஆறு வரும்போதே அட்டவணையை மாற்ற முடிந்தது. நமக்கு வந்தது மாலைதான், அதுவும் சொல்லிவிட்டுத்தான் வந்தது.

பூங்கா கெட்டுவிடும் என்பது மூன்றாவது. இதை நான் லேசாக எடுத்துக்கொள்ளவில்லை. 2015 ஜனவரியில் டெக்சஸின் ஆஸ்டினில், சில்கர் பூங்காவில் அமெரிக்கத் தேசியப் போட்டியின் கடைசி நாளன்று, ஊறிய மண்ணில் பழைய மரங்களின் வேர் கெடும் என்று பந்தயத்தை நிறுத்தி, மறுநாள் திங்கட்கிழமைக்குத் தள்ளிவைத்தார்கள். ஊருக்குத் திரும்ப விமானச் சீட்டு எடுத்து வைத்திருந்தவர்கள் நிலைமையை நினைத்துப் பாருங்கள். அப்படி ஒன்று நமக்கும் வந்து, மாநகராட்சி இனி இடம் தர மாட்டேன் என்றால் லீக்கே இல்லை. அந்தப் பயம் எனக்கும் உண்டு. ஆனால் புல்லைக் காப்பாற்ற வேண்டுமானால் அந்த ஆற்றோரச் சரிவை நாடா கட்டி மூடியிருக்கலாம், பாதையை நான்கடி தள்ளிப் போட்டிருக்கலாம். எங்களை இறக்கிவிட்ட பிறகு அதே சரிவில் முதன்மைப் பிரிவினர் ஒரு மணி நேரம் உழுதார்களே, அது எந்தப் புல்?

நேரக்கெடுவே கூடாது என்று சொல்ல வரவில்லை. யார்க்ஷயரில் 1961 முதல் நடக்கும் த்ரீ பீக்ஸ் பந்தயத்திலும் நேரக்கெடு உண்டு. இங்கிள்பரோ, வெர்ன்சைட், பென்-இ-கெண்ட் என்று மூன்று மலை, 61 கிலோமீட்டர். அங்கே பின்தங்கியவர் மேகத்துக்குள் தனியாக மாட்டிக்கொள்வார். அவரைத் தேட ஆள் அனுப்ப வேண்டும். நம் பூங்காவில் பின்தங்கியவர் அதிகபட்சம் ஐஸ்கிரீம் கடைக்குப் பின்னால் இருப்பார்.

இன்னொன்றும் உறுத்துகிறது. யூசிஐ விதிப்படி டயரின் அகலம் 33 மில்லிமீட்டரைத் தாண்டக் கூடாது. எங்களுக்கு அதைத் தளர்த்தியிருக்கிறீர்கள்; மலைச் சைக்கிளில் வருபவர்களையும் சேர்த்துக்கொள்கிறீர்கள். ஏன்? வருகிறவர்கள் சாதாரண மனிதர்கள், கையில் இருக்கும் வண்டியில் ஓட்டட்டும் என்றுதானே. அந்த நல்ல மனது சாம்பியன்ஷிப் அன்றைக்கு மட்டும் எங்கே போயிற்று? பட்டம் இருக்கிறது என்பதற்காகத் திடீரென்று எல்லோரும் தொழில்முறை வீரர்கள் ஆகிவிடுகிறோமா?

கேட்பது இதுதான். அமெச்சூர் பிரிவுகளில் யாரையும் இறக்காதீர்கள். லீக் நாட்களைப் போலவே முதல்வர் முடிக்கும்வரை ஓட்ட விடுங்கள். விதியை வைத்தே தீருவோம் என்றால் ஒவ்வொரு பிரிவுக்கும் அதனதன் முதல்வரை வைத்து, அதனதன் தொடக்க நேரத்திலிருந்து கணக்கிடுங்கள். நேரம் பதியும் சிப் எல்லோர் வண்டியிலும் இருக்கிறது, கூடுதல் செலவு ஒன்றுமில்லை. அப்புறம், பிட்டில் ஒரு தண்ணீர்த் தொட்டி வையுங்கள். அன்று அங்கே ஓடிக்கொண்டிருந்த இரண்டு ஜெட் வாஷும் சொந்தமாகக் கொண்டுவந்தவர்களுடையது. இரண்டாவது வண்டி உள்ளவர்களுக்குத்தான் அது பயன்பட்டது. ஒரே வண்டிக்காரனுக்கு வேண்டியது ஒரு வாளித் தண்ணீர், ஒரு பழைய பிரஷ், பதினைந்து விநாடி.

நுழைவுக் கட்டணத்தில் பாதியைத் திருப்பித் தருவதாக எழுதியிருந்தீர்கள். எனக்கு வேண்டாம், அந்தப் பணத்தில் தொட்டி வாங்குங்கள். பிப்ரவரிக் கூட்டத்தில் அக்காவும் நானும் முன்வரிசையில் உட்கார்ந்திருப்போம். நடுவர்கள் பற்றாக்குறை என்று அடிக்கடி சொல்கிறீர்களே, அடுத்த சீசனில் காலை நேரச் சிறுவர் பந்தயங்களுக்குச் சுற்று எண்ண நான் வருகிறேன். என் பந்தயம் 12 மணிக்குத்தானே.

இப்படிக்கு,
மூன்று சுற்றோடு இறக்கப்பட்ட ஒரு கிளப் ஓட்டுநர்

பி.கு.: இரண்டாவது பலகைக்குப் பக்கத்தில் உள்ள பள்ளத்தில் என் இடது கால் ஷூவின் மேலுறை புதைந்து கிடக்கிறது. கறுப்பு நிறம். பாதையைச் சரிசெய்யும்போது யார் கையிலாவது கிடைத்தால் எடுத்து வையுங்கள்.