சந்தைக்காரர்களைக் கேட்டுச் சந்தை கட்டுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

எங்கள் ஊர்ச் சந்தையை இடித்துப் புதிதாகக் கட்டப்போகிறார்கள், நல்லது. கருத்துக் கேட்புக் கூட்டமும் நடந்தது, வேலைநாளில் காலை பதினொரு மணிக்கு! கடைக்காரர் சங்கத்தார் வந்தார்கள், பேசினார்கள், தேநீர் குடித்துவிட்டுக் கலைந்தார்கள். விடியுமுன்னே முதல் பஸ்ஸில் கீரைக்கட்டுகளோடு வந்திறங்கி, எட்டு மணிக்குள் விற்றுவிட்டுத் திரும்பும் பெண்கள் எந்தக் கணக்கெடுப்பிலும் இல்லை. கணக்கெடுத்தவர்களே பத்து மணிக்குத்தானே வந்தார்கள்! சுமை தூக்குவோரையும் யாரும் கேட்கவில்லை. வரைபடத்தில் கார் நிறுத்த இடம் இருக்கிறது. கூடை இறக்க இடமில்லை.

2014ஆம் ஆண்டின் தெருவோர வியாபாரிகள் சட்டப்படி, நகர விற்பனைக் குழுவில் குறைந்தது 40 சதவீதம் பேர் வியாபாரிகளே தேர்ந்தெடுத்த வியாபாரிகளாக இருக்க வேண்டும். அவர்களில் மூன்றில் ஒரு பங்கு பெண்கள். அந்தக் குழுவைக் கூட்டியிருந்தாலே பாதிப் பிரச்சினை தீர்ந்திருக்கும். சங்கம் வைத்திருப்பவர் குரல் எப்படியும் அதிகாரிகள் காதுக்கு எட்டிவிடும். பிழைப்பே பறிபோகிறவர் யாரென்று பார்த்து, அவரைத் தேடிப் போவதல்லவா முறை?

ஒப்பந்தப்புள்ளி கோருவதற்கு முன், வரைபடத்தோடு பொறியாளர் ஒருவர் அதிகாலை ஐந்து மணிக்குச் சந்தைக்கு வரட்டும்.

– சந்தைக்கு அன்றாடம் போகும் வாசகர்